கழுவிய ஒன்பது நிமிடம்

விடிவதற்கு முன்பே வேர்ஹவுஸின் தகரக்கூரை வேர்த்துவிட்டிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் அமீரகத்து ராஸ் அல் கைமாவின் கடல் மூச்சு விடுவதெல்லாம் நிலத்தின் மேல்தான். அந்த ஈரம் கூரையின் உட்புறம் படிந்து, திரண்டு, லேபிள் பெல்ட்டின் மேல் சொட்டும். சொட்டு விழுந்த பாட்டிலில் ஒட்டினால் காகிதம் சுருங்கும். சுருங்கிய பாட்டில் திரும்பி வரும், கூடவே ஏச்சும் வரும். அதனால் அஸ்மத் பீவி இடது கைத்துணியால் பாட்டிலைத் துடைத்து, வலது கையால் முத்திரையை ஒட்டி, முழங்கையால் தள்ளிவிட்டாள். துடைத்து, ஒட்டி, தள்ளி. காலை நாலரைக்கு நின்றவள் ஆறு மணிவரை கழுத்தை நிமிர்த்தவில்லை.

முத்திரையில் ஒரு திராட்சை இலை. இலைக்குமேல் ஒன்றையொன்று பற்றிய இரண்டு கைகள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் நிற்கும் சந்தியா ஒருநாள் வாசித்துச் சொன்னாள். "நியாயமான உழைப்பில் விளைந்ததுன்னு போட்டிருக்கு அக்கா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அஸ்மத்துக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பை அவள் ஒட்டிய ஒவ்வொரு முத்திரையோடும் சேர்த்து ஒட்டியதுபோல் ஓர் உறுத்தல் தங்கிவிட்டது.

பாட்டிலில் இருப்பது ஒயின். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் கேப் மலைச்சரிவுகளில் பழுத்த திராட்சையின் சாறு. கன்டெய்னர் அளவு பெரிய ரப்பர்ப் பைகளில் கப்பலேறி வந்து, இங்கே எஃகுத் தொட்டிகளில் இறங்கி, பாட்டில்களில் புகுந்து, ஓட்டல்களுக்கும் சொகுசுக் கப்பல்களுக்கும் போகும். முத்திரையைக் கொடுப்பது கேப்பில் உள்ள ஓர் அமைப்பு. தோட்டக்காரர்களும் ஏற்றுமதிக்காரர்களும் தோட்டத் தொழிலாளர் சங்கத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நடத்துவது. திராட்சைக்கொடியின் கீழே நிற்பவரை மட்டும் பார்த்தால் போதாது, பாட்டிலில் அடைப்பவரையும் பார்க்க வேண்டும் என்று இந்த வருஷம் முடிவெடுத்திருக்கிறார்களாம். வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன். அதற்காகத்தான் சூப்பர்வைசர் ராஜீவ் மூன்று நாளாக எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வேர்ஹவுஸில் யாரும் ஒயின் என்று சொல்வதில்லை. ஜூஸ் என்பார்கள். வீட்டாருக்கு ஆளுக்கொரு கதை. உசிலம்பட்டி மாயாண்டி ஆயில் கம்பெனி என்று சொல்லிவைத்திருந்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தொண்டி லுக்மான் மினரல் வாட்டர் என்றான். அஸ்மத் பீவி அதிராம்பட்டினத்தில் மதரசாவில் ஆலிமா படிக்கும் மகள் ஆமிராவிடம், பேரீச்சம்பழப் பாகு டப்பாவில் அடைக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். குவைத்தின் மங்காஃபில் ஒரு குடும்பத்துக்கு ஏழு வருஷம் சமைத்துப் போட்டவள், அந்தக் குடும்பம் ஊர் மாறிப் போனதும் ஏஜென்ட் கைமாற்றிவிட்ட இடம் இது. வந்து இறங்கிய பிறகுதான் என்ன இடம் என்று தெரிந்தது. தெரிந்த பிறகு திரும்பிப் போக வழியில்லை.

கதையைக் காப்பாற்றுவதற்கு ஒரு வழக்கமும் இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் பின்பக்கக் குழாயடியில் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். எலுமிச்சைத் தோல், சோப்பு, தண்ணீர். மூன்று முறை. யூனிஃபாரம் லாக்கரிலேயே தங்கும். வாயில் ஒரு கிராம்பு. யாரோ ஒரு கம்பெனி ஆளை மேலில் வாடை அடித்ததற்காகப் பஸ்ஸிலிருந்து இறக்கி ஜெயிலில் போட்டார்கள் என்று ஒரு பேச்சு. அந்த ஆளை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாருக்கும் அவனைத் தெரிந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத்தான் அது நடந்தது.

நாலாம் நம்பர் தொட்டியைச் சுரண்டிக் கழுவ வேண்டியவன் அரூர்ப் பழனிச்சாமி. தொட்டியில் மிச்சமிருக்கும் சரக்கு புளிக்காமலிருக்க இரவெல்லாம் நைட்ரஜன் விட்டிருப்பார்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உள்ளே போனவனுக்கு மூச்சு இருப்பது போலவே இருக்கும், உயிர் மட்டும் இருக்காது. மேல் மூடியையும் கீழ்க்கதவையும் திறந்து இரண்டு மணி நேரம் ஃபேன் போட வேண்டும். பிறகு மஞ்சள் நிற மீட்டரை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும். அது கத்தினால் யாரும் போகக்கூடாது. மீட்டர் நோன்பு மாதத்திலேயே கெட்டுப்போனது. ஆர்டர் போட்டாச்சு என்று ராஜீவ் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

"யல்லா பழனி, ஜல்தி! அரை மணி ஃபேன் ஓடியாச்சு, போதும்."

"சார், ரெண்டு மணி நேரம்..."

"இன்ஸ்பெக்ஷன் மேடம் ஆப்பிரிக்காவிலேருந்து வந்து உன் தொட்டியிலே முகம் பாக்கணும். போ, போ."

பழனிச்சாமி கழுத்துத் துளசிமாலையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். அஸ்மத்தைக் கடந்து போகையில் சொன்னான்: "உள்ள ஏசி கணக்கா இருக்கும்க்கா. நீங்கதான் பாவம், வெளிய வேகறீங்க."

தொட்டிக்குள்ளிருந்து சுரண்டியின் சத்தம் வந்தது. கர்ரக், கர்ரக். எஃகின் மேல் கல்லாக இறுகிய ஒயின் கசடு உடைகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு ஏற்பவே அவள் கை முத்திரையை ஒட்டியது. சத்தம் நின்றதை முதலில் உணர்ந்ததும் அவள்தான். களைத்து நிற்கிறான் என்று நினைத்தாள். இரண்டு பாட்டில் துடைத்தாள். மூன்றாவதைத் துடைக்க முடியவில்லை.

"மாயாண்டி! பழனியப் பாரு!"

லுக்மான் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். மாயாண்டி வெளியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தான். தரையில் கிடத்தினார்கள். மார்புவரை செவ்வண்டல். உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. மூச்சு ஓர் இழையாக வந்துபோனது. லுக்மான் கைபேசியை எடுத்துவிட்டான். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"இரு லுக்மான். இப்படியேவா ஏத்தி அனுப்புவீங்க? மேலெல்லாம் வாடை. ஆஸ்பத்திரியில போலீசு நிக்கும். மொதல்ல கழுவுங்க."

ஒருவரும் மறுக்கவில்லை. குழாயடிக்குத் தூக்கிப் போனார்கள். எலுமிச்சைத் தோல், சோப்பு, தண்ணீர். வழக்கப்படி மூன்று முறை. வேறு யூனிஃபாரம் மாட்டினார்கள். மாலையில் ஒட்டியிருந்த கசடைக்கூட மாயாண்டி நகத்தால் எடுத்தான். பிறகுதான் லுக்மான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். சுவர்க்கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் போயிருந்தது.

*

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த லுக்மான் சாப்பாட்டு மேசையில் அஸ்மத்துக்கு எதிரே உட்கார்ந்து குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். தின்னவில்லை.

"உசுரு இருக்கு. என்னையப் பாத்து, 'சார் நீங்க யாரு'ன்னு கேக்குறான் லாத்தா. கிளாஸைக் குடுத்தா கை உதறுது. சரியாகுமான்னு கேட்டேன், இப்ப சொல்ல முடியாதுங்குறாங்க. டாக்டரு ஒண்ணு சொன்னாரு. பத்து நிமிசம் முன்னாடி ஆக்சிஜன் வச்சிருந்தா இவ்வளவுக்குப் போயிருக்காதாம்."

அவன் குற்றம் சாட்டவில்லை. கழுவச் சொன்னது யார் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. ஊற்றிய தண்ணீரில் தன் கையும் இருந்ததை நினைத்துத்தான் அவன் தலை குனிந்திருந்தான். அஸ்மத்துக்கு மட்டும் தன் குரல் கேட்டது. மொதல்ல கழுவுங்க. எவ்வளவு அக்கறையாகச் சொன்னாள்! பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது முகத்தைக் கழுவச் சொல்லும் தாயின் குரல் அது. அந்தக் குரலுக்குள் இருந்தது அக்கறையா, பயமா? அவனுக்காகப் பயந்தாளா, அவன் பிடிபட்டால் இந்த இடம் வெளியே தெரிந்துவிடுமே என்று தனக்காகப் பயந்தாளா? ரெண்டு நாளாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க இரண்டு பயமும் ஒரே நூலில் முறுக்கேறிக் கிடந்ததுதான் தெரிந்தது. பிரிக்க வரவில்லை.

அன்று மதியமே செய்கு அலாவுதீன் வந்தார்.

ஆள் அனுப்பும் கம்பெனி அவருடையது. அந்த வேர்ஹவுஸில் நிற்கும் இருபத்து மூன்று பேருக்கும் விசா அவர் பெயரில்தான். அவரும் அதிராம்பட்டினம், ஊர் வழக்கில் எல்லாருக்கும் காக்கா, அண்ணன் முறை. வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், மெல்லிய குரல். ராஜீவின் அறையில் உட்கார்ந்து சுலைமானி டீ குடித்துக்கொண்டே அஸ்மத், மாயாண்டி, லுக்மான் மூவரையும் வரச் சொன்னார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் என்று சந்தியாவையும் அழைத்தார்கள்.

"என்ன அஸ்மத், சொகமா இருக்கியா? மெலிஞ்சு போயிட்டே."

"இருக்கேன் காக்கா."

"ஒரு கையெழுத்து வேணும். நீங்க மூணு பேரும்தான் பக்கத்துல நின்னீங்க. சந்தியா, வாசிச்சுக் காட்டும்மா."

சந்தியா வாசித்தாள். பாதியில் அவள் குரல் தேய்ந்தது. பழனிச்சாமி யாரும் சொல்லாமல் தானாகத் தொட்டிக்குள் போனான். அங்கே மிச்சமிருந்த ஒயினைக் குடித்தான். அவன் குடிகாரன். போதையில் மயங்கி விழுந்தான். கண்ணால் கண்ட சாட்சிகள் கீழே கையெழுத்திட்டிருக்கிறோம்.

மாயாண்டிக்குத்தான் முதலில் வாய் வந்தது. "யோவ், என்னய்யா இது? அவன் மாலை போட்டவன்யா. அவங்கப்பன் சாராயத்துல செத்தவன். டீக்கடையில எவனாச்சும் குடிச்சுட்டு வந்து உக்காந்தா எந்திரிச்சுப் போற ஆளு அவன்."

"மாலை போட்டவன் குடிச்சு நான் பாத்ததில்லையா மாயாண்டி?"

"நீங்க பாத்திருப்பீங்க. அவனைப் பாக்கல."

"சரி, குடிக்கல. அப்ப ஏன் கழுவினீங்க?"

அலாவுதீன் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். பாட்டில் களவு போகாமலிருக்கக் குழாயடியை நோக்கி வைத்த காமிரா எல்லாவற்றையும் பிடித்திருந்தது. தொட்டிப்பக்கம் காமிரா இல்லை. திரையில் இரண்டு பேர் ஒரு உடலைத் தூக்கி வருகிறார்கள். ஒரு பெண் கையை நீட்டி நீட்டி ஏதோ சொல்கிறாள். அஸ்மத் அந்தப் பெண்ணை யாரோபோலப் பார்த்தாள். எவ்வளவு தீர்மானமாகக் கையை நீட்டுகிறாள்.

"ஒருத்தன் சாகக் கிடக்கான். நீங்க சோப்பு போடுறீங்க. இதைப் பாத்தா உலகம் என்ன சொல்லும்? குடிச்சதை மறைக்கத்தான் கழுவினாங்கன்னு சொல்லும். இந்தப் பேப்பர் உங்களையும் சேத்துத்தான் காப்பாத்துது. புரியுதா?"

லுக்மான் மெல்லக் கேட்டான்: "காக்கா, ஜும்மாவுல நீங்க மொதல் வரிசையில நிக்கிறீங்க. எங்களப் பொய்ச்சாட்சி சொல்லச் சொல்றீங்களே?"

"தம்பி, நான் இந்த வேர்ஹவுஸ்ல ஒரு பாட்டிலத் தொட்டதில்ல. ஆள் அனுப்புறேன், அவ்வளவுதான். தொடுறது நீங்க."

அவர் குரல் உயரவே இல்லை. அஸ்மத் அதற்குத்தான் பயந்தாள். திட்டுகிறவனிடம் ஒரு இடைவெளி இருக்கும், அதில் நுழைந்து தப்பிக்கலாம். இவர் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே புன்னகைத்தார்.

"மீட்டர் கெட்டுக் கெடந்துச்சு காக்கா. ராஜீவ் சார்தான் போகச் சொன்னாரு. நான் என் காதால கேட்டேன்."

"அஸ்மத்." அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அடுத்த மாசம் ஆமிராவுக்கு ஆலிமா பட்டம் இல்ல? மதரசா கமிட்டியில என்னயத்தான் மேடைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவ கையில பட்டத்தைக் குடுக்குறப்ப, உன் உம்மாவுக்கு எங்கம்மா வேலைன்னு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்லட்டும்? பேரீச்சம்பழமா?"

பேரீச்சம்பழம் என்ற சொல்லை இவர் எப்படி அறிந்தார்? ஊரில் விசாரித்திருக்கிறார். இந்தக் காகிதத்தைத் தட்டச்சு செய்வதற்கு முன்பே விசாரித்திருக்கிறார்.

"வியாழக்கிழமை காலையில அந்த மேடம் வரதுக்குள்ள கையெழுத்து வேணும். இல்லேன்னா மூணு பேருக்கும் ஊருக்கு டிக்கெட். மேல என்ன கேஸ் வரும்னு எனக்கே தெரியாது. யோசிங்க." எழுந்து, அஸ்மத்தின் தலைக்கு மேலாகப் பார்த்து, "உன் வாப்பாவும் நானும் ஒரே தெரு" என்றார். ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

*

அந்த மேடம் வியாழக்கிழமை வரவில்லை. புதன்கிழமை காலையே வந்துவிட்டாள். சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்தி வருவதுதான் அவள் பழக்கமாம். ராஜீவின் முகம் வெளுத்துப்போயிற்று.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். அகலமான தோள், குட்டை முடி, கைவிரல் மூட்டுகள் புடைத்திருந்தன. அறையில் உட்கார்ந்து வந்த கையல்ல, கொடி வெட்டி வந்த கை என்று அஸ்மத்துக்குப் பார்த்ததும் தெரிந்தது. பெயர் டோர்கஸ் செப்டம்பர். தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சார்பாக அந்த அமைப்பில் உட்காருபவள். அவள் போகுமிடமெல்லாம் ராஜீவ் நிழலாக ஒட்டிக்கொண்டான். நாலாம் தொட்டி கதவு சாத்தியிருந்தது. "ரிப்பேர்" என்றான். அவள் தலையாட்டிவிட்டுத் தரையைப் பார்த்தாள். பின்பக்கக் குழாயடியில் குவிந்திருந்த எலுமிச்சைத் தோலைக் காலால் புரட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

பெண்கள் கழிப்பறைக்குள் ராஜீவால் வர முடியாது. அஸ்மத் கையலம்பிக்கொண்டிருந்தபோது டோர்கஸ் பின்னால் வந்து நின்றாள். மங்காஃப் வீட்டுச் சமையலறையில் பிள்ளைகளிடம் கற்ற உடைந்த ஆங்கிலம் அஸ்மத்துக்கு உண்டு. அதை வைத்தே இருவரும் பேசினார்கள்.

"இந்த ஊரில் இவ்வளவு எலுமிச்சை யாருக்கு?"

அஸ்மத் மறுபடியும் கையில் சோப்புப் போட்டாள்.

"உன் வாயில் கிராம்பு மணக்கிறது. எல்லார் வாயிலும்."

"வாடைக்குப் பயம் மேடம்."

டோர்கஸ் சுவரில் சாய்ந்தாள். "மேடம் வேண்டாம். என் அப்பா தோட்டத்தில் வேலை பார்த்தபோது கூலியில் ஒரு பங்கு ஒயினாகத்தான் கொடுப்பார்கள். காலையில் ஒரு குவளை, மதியம் ஒரு குவளை, சாயங்காலம் ஒரு குவளை. வேண்டாம் என்றால் அந்தக் கூலி போச்சு. முப்பது வருஷம் குடிக்க வைத்தார்கள். பிறகு வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது காகிதத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? குடிகாரன்."

அஸ்மத்தின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. குழாயை மூட மறந்துவிட்டிருந்தாள். அந்தக் கடைசிச் சொல்தான் சந்தியா வாசித்த காகிதத்திலும் இருந்தது. எத்தனை கடல் தாண்டி, எத்தனை வருஷம் தாண்டி, அதே சொல்.

"செப்டம்பர்னு ஒரு பேரா?" என்று கேட்டாள். வேறு எதையோ கேட்க நினைத்து இதைக் கேட்டாள்.

"எங்கள் முப்பாட்டன் அடிமையாகக் கப்பலிலிருந்து இறங்கிய மாதம். உங்கள் பக்கத்துக் கடற்கரையிலிருந்துகூட ஆட்களைப் பிடித்து வந்தார்கள். பெயர் கேட்க முதலாளிக்கு நேரமில்லை, காலண்டரைப் பார்த்து வைத்துவிட்டான்." சிரித்தாள். சிரிப்பு உடனே நின்றது. "நாலாம் தொட்டியில் என்ன நடந்தது?"

அஸ்மத் கதவைப் பார்த்தாள்.

"உனக்கு நான் பொய் சொல்லமாட்டேன்" என்றாள் டோர்கஸ். "உன்னைக் காப்பாற்ற என்னால் முடியாது. இந்த நாட்டில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. முத்திரையைப் பிடுங்க முடியும், அதுவும் என் மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களோடு சண்டை போட்டு. பிடுங்கினால் உங்கள் வேலையும் போகலாம். ஒருத்தி பெயரைக் கொண்டுபோனால் அந்த ஒருத்தியை நாளைக்கே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். எல்லாரும் சேர்ந்து எழுதினால் அதை மேசைமேல் வைப்பேன். உங்கள் லேபர் ஆபீசுக்கும் நீங்களே ஒரு நகல் கொடுக்க வேண்டும். நாளை காலை ஏழு மணிக்குத் திரும்ப வருகிறேன்."

அவள் போன பிறகும் அஸ்மத் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. இவளைக் காப்பாற்ற ஒருவரும் வரமாட்டார்கள் என்று ஒருத்தி ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்து நேராகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். விநோதமாக, இதுவரை கேட்ட எல்லா ஆறுதல்களையும்விட அது நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

*

மதியச் சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிடம். ராஜீவ் அலாவுதீனுக்குப் போன் செய்ய வெளியே போயிருந்தான். இருபத்திரண்டு பேரும் மேசைகளை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் சோறு காய்ந்தது.

"எழுதலாம்" என்றான் மாயாண்டி. "தொட்டிக்கு மீட்டரு இல்ல, ஃபேனு அரை மணிதான், போகச் சொன்னது ராஜீவு. இவ்வளவுதான். இதுக்குமேல எதுக்கு?"

"இதுக்குமேல ஒண்ணு இருக்கு" என்றாள் அஸ்மத். எழுந்து நின்றாள். நிற்காமல் சொன்னால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது. "லுக்மான் போனை எடுத்தப்போ தடுத்தது நான். கழுவச் சொன்னது நான். ஒம்பது நிமிசம். அதுல போச்சு அந்தப் புள்ளயோட நெனவு. அதையும் எழுதணும்."

சந்தியா பதறினாள். "அக்கா, வேணாம். அது நமக்கே பாதகம். அதை எதுக்கு நாமளே சொல்லணும்?"

"நாம சொல்லலேன்னா அவரு வீடியோவக் காட்டுவாரு. குடிச்சதை மறைச்சாங்கன்னு ஒரே பேச்சு. நாமளே சொல்லிட்டா அது நம்ம சாட்சி சந்தியா. ஏன் கழுவினோம்? குடிச்சதுக்கா? தெனம் நம்ம கழுவுறோமே, தெனம் குடிக்கிறோமா? ஒயினுக்குள்ள நிக்க வச்சுட்டு, ஒயின் வாடை அடிச்சா நீயே பாத்துக்கன்னு விட்டாங்களே, அந்தப் பயத்துலதான் கழுவினோம். அதையும் எழுது."

மாயாண்டி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ சொன்ன, சரி. தண்ணி ஊத்துனது இந்தக் கைதான? இந்தக் கைக்கு அறிவு எங்க போச்சு? எழுது சந்தியா. நாங்க கழுவினோம்னு எழுது. நான்னு எழுதாத."

"கையெழுத்துப் போட்டா எல்லாரு வீட்டுக்கும் சொல்லிப்புடுவாரு" என்றது பின்மேசையிலிருந்து ஒரு குரல். அங்கேதான் எல்லாம் முட்டி நின்றது. டிக்கெட்டுக்குப் பயப்படுகிறவர்கள் இருந்தார்கள், கேஸுக்குப் பயப்படுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதற்குப் பயப்படாதவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. அலாவுதீன் கையில் இருந்த கயிறே அதுதான்.

அஸ்மத் கைபேசியை எடுத்தாள். மகளின் எண்ணை அழுத்தினாள். நாலு முறை மணி அடித்தது. நாலாவது மணியில் அவள் வைத்துவிடத்தான் போனாள்.

"உம்மா? இந்த நேரத்துல? வகுப்பு இப்பத்தான் முடிஞ்சிச்சு."

"ஆமிரா, ஒண்ணு சொல்றேன். குறுக்கப் பேசாம கேளு. நான் பேரீச்சம்பழக் கம்பெனியில இல்ல. ஒயின் அடைக்கிற இடத்துல வேல பாக்குறேன். மூணு வருசமா. ஒனக்கு அனுப்புறதெல்லாம் அதுலேருந்து வந்ததுதான்."

மறுமுனையில் தூரத்தில் பெண்பிள்ளைகள் பேசிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது. அஸ்மத் தொடர்ந்து சொன்னாள். தொட்டி, பழனிச்சாமி, குழாயடி, ஒன்பது நிமிடம், காகிதம், மேடையில் நிற்கப்போகும் அலாவுதீன் காக்கா. சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது.

"உம்மா."

"சொல்லு."

"அந்த அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"உசுரு இருக்கு. ஆளுங்களத்தான் அடையாளம் தெரியல."

"மத்தது எனக்குத் தெரியல உம்மா. நான் யோசிக்கணும். அழுகையா வருது. நாளைக்குப் பேசுறேன்." ஒரு கணம் நின்று மகள் சொன்னாள்: "பொய்ச்சாட்சியில மட்டும் கையெழுத்துப் போட்டுடாதீங்க." போன் நின்றுவிட்டது.

மன்னித்துவிட்டாளா? இல்லை. நாளைக்குப் பேசுவாளா? தெரியாது. ஆனால் அலாவுதீன் மேடையேறி அவிழ்ப்பதற்கு இனி அந்த வீட்டில் ஒரு முடிச்சு இல்லை. அஸ்மத் உட்கார்ந்தாள். முதுகெலும்பு தன் உடம்பில்தான் இருக்கிறது என்று வெகுநாளைக்குப் பிறகு தெரிந்தது.

மாயாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு போனைக் காதில் வைத்தான். "ஏ பேச்சி, நான் ஆயில் கம்பெனியில இல்லடி... ம்... ஆமா... என்னது?" போனைத் தாழ்த்தி எல்லாரையும் பார்த்தான். "அப்பவே தெரியுமாம்டா. போன லீவுக்குப் போனப்ப பெட்டியில லேபிள் ஒட்டிக் கெடந்துச்சாம். 'எப்பச் சொல்றேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்'ங்குறா."

சிரிப்பு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு. சிரிப்பு அடங்கும் முன்பே மூலைக்கு ஒருவராகப் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சிலர் அழுதார்கள். ஒருவன் வசவு வாங்கினான். ஒருவனின் தகப்பன் பேசாமலே வைத்துவிட்டார். நாலு பேர் போனை எடுக்கவே இல்லை, எடுக்கச் சொல்லி ஒருவரும் வற்புறுத்தவும் இல்லை.

சந்தியா எழுதினாள். பிறகு சாப்பாட்டுத் தட்டைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, பேனாவால் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "வட்டத்து மேலயே போடுங்க. மொதக் கையெழுத்து யாருதுன்னு எவனாலயும் சொல்ல முடியாது." போன் எடுக்காத நாலு பேரில் மூன்று பேர் வந்து போட்டார்கள். பழனிச்சாமிக்கு ஓர் இடம் விட்டு வைத்தார்கள்.

*

வியாழக்கிழமை காலை நாலே முக்காலுக்கு ராஜீவ் நாலாம் தொட்டியின் கதவைத் திறக்கச் சொன்னான். அழுக்கு அப்படியே இருந்தால் ஏழு மணிக்குத் திரும்ப வருவதாக அவனிடமும் சொல்லிப்போன அந்தப் பெண்மணி பார்த்துவிடுவாள். அலாவுதீனின் உத்தரவு.

"மாயாண்டி, ஆவோ. உள்ள போ."

மாயாண்டி கதவுவரை நடந்தான். அங்கே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். "மீட்டர் குடுங்க சார், போறேன்."

"ஸ்ட்ரைக்கா? இந்த ஊர்ல ஸ்ட்ரைக் பண்ணினா எங்க போவேன்னு தெரியுமா?"

"ஸ்ட்ரைக் இல்ல சார். மூச்சு விடணும். அவ்வளவுதான்."

ராஜீவ் லுக்மானைக் கூப்பிட்டான். லுக்மான் ஃபோர்க்லிஃப்டை அணைத்துவிட்டு இறங்கி வந்து மாயாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். அவனும் வந்து உட்கார்ந்தான். கூப்பிடக் கூப்பிடத் தொட்டியின் முன்னால் கூட்டம் பெருகியது. ராஜீவ் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு வெளியே ஓடினான்.

அரை மணி கழித்துக் கேட்டில் கார் விளக்கு விழுந்தது. அலாவுதீன் இறங்கினார். பின்னால் இன்னொரு வண்டி. அதில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, கறுப்புக் கண்ணாடி. இறங்கவும் இல்லை, எஞ்சினை அணைக்கவும் இல்லை. ஏழு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. டோர்கஸ் வருவாளா, வந்தாலும் உள்ளே விடுவார்களா, விட்டாலும் என்ன ஆகும், எதுவும் தெரியாது. மடித்த காகிதம் அஸ்மத்தின் மார்போடு வேர்வையில் ஒட்டியிருந்தது. நகல் ஒன்று நேற்றே லுக்மான் கைபேசி வழியாக லேபர் ஆபீசுக்குப் போயிருந்தது.

"அஸ்மத்!" அலாவுதீன் தூரத்திலிருந்தே கூப்பிட்டார். முதன்முறையாக அவர் குரல் உயர்ந்திருந்தது. "நீ பொம்பள. நீ இதுல வராதே. பெல்ட்டுக்குப் போ. ஆமிராவ நெனச்சுக்க."

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பயம் அங்கேயே இருந்தது, அவளோடு கூடவே நின்றது. அவள் பெல்ட் பக்கம் நடந்தாள். அலாவுதீன் மூச்சை விட்டார். பெல்ட்டின் சிவப்பு பட்டனை அவள் உள்ளங்கையால் அழுத்தினாள். பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி நின்றன. வேர்ஹவுஸ் முழுக்க அமைதியானது. சந்தியாவும் மற்ற ஐந்து பெண்களும் கையுறைகளைக் கழற்றி வைத்தார்கள்.

ஏழு பேரும் தொட்டியை நோக்கி நடந்தபோது, உட்கார்ந்திருந்த ஆண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். சிமென்ட் தரை குளிர்ந்திருந்தது. அஸ்மத் முக்காட்டைச் செருகிக்கொண்டு மாயாண்டிக்கும் லுக்மானுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"ஆமிராவுக்குச் சொல்லியாச்சு காக்கா" என்றாள். "நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க. நாங்க எல்லாரும் கேக்குறோம்."